இடது காதும் ஏழு சாயங்காலமும்

இதை எழுதாமலேயே விட்டிருப்பேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள் என்று நாலைந்து மாதம் சும்மா இருந்தேன். உட்கார்ந்தால் கால் ஆடுகிற ஆள் நான். ஒரு பக்கம் முடிப்பதற்குள் எழுந்து போய்த் தண்ணீர் குடிப்பேன், தெருவை எட்டிப் பார்ப்பேன், வந்து உட்கார்ந்தால் எங்கே விட்டேன் என்பது மறந்திருக்கும். எழுதுகிற விஷயமும் எனக்குப் பெருமை தருகிற விஷயமில்லை. ஆனால் சாயங்காலம் ஆனால் காதில் ஒன்று தட்டிக்கொண்டே இருக்கிறது. அதோடு சும்மா உட்கார்ந்திருப்பதற்கு, எழுதுவதே மேல்.

எனக்கு விழுப்புரத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் வேலை. நிலக்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். வாரத்தில் இரண்டு நாள் மாதிரிப் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலில் திண்டிவனம் போவேன். அங்கே எண்ணெய் மில்லில் கொட்டையை உடைத்து, மென்று, துப்பி, ‘சரி’ என்றோ ‘ஈரம்’ என்றோ சொல்வார்கள். அந்த ஒரு சொல்லைக் கொண்டுவந்து மண்டியில் சேர்ப்பதுதான் என் உத்தியோகம். போகிற சொல் ஒன்று, வருகிற சொல் ஒன்று. நடுவில் நான் கொஞ்சம் உப்பு காரம் சேர்ப்பேன். ‘ஈரம்’ என்று அவர்கள் சொன்னால், ‘இதுல மீன் புடிக்கலாம்னு சொல்றாங்க’ என்று இங்கே வந்து சொல்வேன். முதலாளி திட்டுவார். கணக்குப்பிள்ளை சிரிப்பார். எனக்கு அந்தச் சிரிப்பு போதும்.

என் நண்பன் அதே தெரு. அப்போது ரயில்வே லோகோ ஷெட்டில் கிளீனர். இன்ஜினைத் துடைத்துத் துடைத்து அவன் நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்பு நிரந்தரமாகவே தங்கிவிட்டது. அப்பா அம்மா இல்லை. அக்காதான் தையல் மிஷின் வைத்து ரவிக்கை தைத்து அவனை ஆளாக்கியவள். போன வருஷம் அவனை இன்ஜினில் கரி தள்ளுகிற ஃபயர்மேன் வேலைக்கு எடுக்கப்போவதாகத் தாள் வந்தது. ஒரே ஒரு தடை பாக்கி. அடுத்த மாதம் வெளியூர் ரயில்வே ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதனை. கண், காது, நெஞ்சு எல்லாம் பார்ப்பார்கள். தேறினால் இன்ஜின் மேலே. தவறினால் துடைக்கிற துணியும் கையுமாகக் கீழே, இன்னும் எத்தனை வருஷமோ.

தாள் வந்த நாளிலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இரண்டு வாய் சாப்பிட்டால் புளித்த ஏப்பம். வயிறு கல் மாதிரி. அக்கா சுக்குத் தண்ணி போட்டாள், ஓமம் மெல்லச் சொன்னாள், ஒன்றுக்கும் கேட்கவில்லை. “நீ திண்டிவனம் போய்க்கினு வந்துக்கினுதானே இருக்க, அங்க ஒரு நல்ல ஆயுர்வேத வைத்தியர் இருக்காராமே, இவனை இட்டுக்கினு போடா” என்றாள். அழைத்துக்கொண்டு போனேன்.

வைத்தியருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. மலையாளக் கரையில் எங்கேயோ படித்துவிட்டு வந்தவர். வாசலில் சாக்கு விரித்து நெல்லிக்காயும் கடுக்காயும் காயப்போட்டிருந்தார். பக்கத்து வீட்டுக் கோழிகள் அதன் மேல் நடந்து போவதுதான் அவருடைய வாழ்க்கையின் பெரிய துக்கம். கையில் எப்போதும் ஒரு குச்சி. நாடி பிடித்துக்கொண்டே ஒரு கண்ணால் வாசலைப் பார்ப்பார்.

நண்பனின் மணிக்கட்டில் மூன்று விரலை வைத்துக்கொண்டு அவர் கேட்ட முதல் கேள்வி, என்ன சாப்பிட்டாய் என்பதில்லை.

“நேத்து சாப்புடும்போது யார்கூட சண்டை?”

“சண்டை எல்லாம் இல்லீங்க.”

“அப்ப யாரை நெனைச்சிக்கினு சாப்ட?”

அவன் என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். “டாக்டரைங்க.”

“எந்த டாக்டரு?”

“இன்னும் பாக்கலீங்க. அடுத்த மாசம்தான் பாக்கணும்.”

“பாக்காத டாக்டருக்கே இவ்ளோ ஏப்பம்னா, பாத்தா ரயிலே ஓட்டலாம்” என்றேன் நான். வைத்தியர் என்னை ஒரு கோழியைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“இதபாருப்பா” என்று அவனிடம் சொன்னார். “வயிறு சோத்தை மட்டும் அரைக்கல. அதுகூட நீ பயத்தையும் சேத்து உள்ள அனுப்பற. ரெண்டையும் அதேதான் அரைக்கணும். அது இன்னா பண்ணும்? மொதல் உருண்டை சோத்துல நெய் ஊத்தி இந்த அஷ்டசூரணம் ஒரு சிட்டிகை. புளி வேணாம், கத்திரிக்கா, கருவாடு வேணாம். சாப்ட்டு நூறு அடி நட. சாப்புடும்போது பேசக் கூடாது, கோவப்படக் கூடாது, எதுவா இருந்தாலும் பொறுமையா…” அதற்குள் வாசலில் ஒரு கோழி ஏறிவிட்டது. எழுந்து ஓடினார். அவர் கத்தின கத்தலில் எதிர் வீட்டுக் குழந்தை அழ ஆரம்பித்தது. மூச்சு வாங்க வந்து உட்கார்ந்து, “கோவம்தான் மொத எதிரி” என்று முடித்தார்.

மருந்து வாராவாரம் வாங்க வேண்டும். நண்பனுக்கு லீவு கிடைக்காது. அதனால் நானே வாங்கி வருவதென்று ஆயிற்று. வைத்தியர் எதையும் எழுதித் தரமாட்டார். எழுதினால் தாளைத் தொலைத்துவிடுவீர்கள், காதில் போட்டால் நிற்கும் என்பது அவர் கட்சி. மருந்துப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டு, பத்தியத்தை வாயால் சொல்வார். அதை நான் கொண்டுபோய் அங்கே வாயால் சொல்ல வேண்டும். ஊரில் இத்தனை பேர் இருக்க, இந்த வேலைக்கு அகப்பட்டது நான்.

முதல் வாரம் நான் சேர்த்தது சின்ன உப்புதான். “சாப்ட்டு நூறு அடி நடக்கச் சொன்னாரு இல்ல, அது பின்னாடியே நடக்கணுமாம். முன்னாடி நடந்தா வாயு மேல ஏறுமாம்.” நம்பினான். மத்தியானம் சாப்பிட்டு எங்கள் சந்தில் அவன் பின்பக்கமாகவே நடந்தான். அக்கா அவனுக்குப் பின்னால் போய், “கல்லு, கல்லு, இந்தப் பக்கம் மாடு” என்று சொல்லிக்கொண்டே வந்தாள். நான் தண்ணீர்க் குழாய்க்குப் பின்னால் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். வேடிக்கை என்னவென்றால், அந்த வாரத்தில் அவனுக்கு ஏப்பம் குறைந்தது. கல்லும் மாடும் பார்க்கிற கவலையில் டாக்டரை மறந்திருப்பான். இப்போது அப்படித் தோன்றுகிறது. அப்போது தோன்றியது, நானும் பாதி வைத்தியன் ஆகிவிட்டேன் என்பதுதான்.

அடுத்த வாரம் போனபோது வைத்தியர் சொன்னது இவ்வளவுதான்: “மருந்து அதே. மனசை அலைய உடாம சாப்புடச் சொல்லு. போ.” இதை எப்படிக் கொண்டுபோய்ச் சொல்வது? உப்பும் இல்லை, காரமும் இல்லை. திரும்பி வரும்போது வண்டி மயிலம் ஸ்டேஷனில் நின்றது. ஜன்னலில் மலையும் கோபுரமும் தெரிந்தன. நான் காலை ஆட்டிக்கொண்டு யோசித்தேன். வண்டி நகரும்போது என் நெஞ்சு அடிக்கிற மாதிரியே தடக் தடக் என்றது. அங்கேதான் அந்த வாரத்துக் கதையைப் பிடித்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் அவன் வீட்டில் பொட்டலத்தைக் கொடுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

“விளக்கு வெக்கிற நேரத்துல இடது காதுல நெஞ்சு அடிக்கிற சத்தம் கேக்குதான்னு பாக்கச் சொன்னாரு.”

“கேட்டா?”

“உடனே வரச் சொன்னாரு. ஒரு நிமிஷம்கூட தாமசம் பண்ணக் கூடாதாம்.”

“வலது காதுல கேட்டா?”

“வலது காதைப் பத்தி ஒண்ணும் சொல்லல” என்றேன், முகத்தை வைத்தியர் மாதிரி வைத்துக்கொண்டு. மிஷின் ஓட்டிக்கொண்டிருந்த அக்கா காலை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அவன் மண்டிக்கு வந்தான். ஷெட்டிலிருந்து நேராக வந்திருக்கிறான், முகத்தில் கரி. சாக்குகளுக்கு நடுவில் என்னை இழுத்துக்கொண்டு போனான்.

“கேக்குதுடா.”

“இன்னாது?”

“நெஞ்சு. இடது காதுல. அக்கா மிஷினை நிறுத்துனா பளிச்னு கேக்குது.”

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. கரிக்கு நடுவில் அவன் உதடு வெளுத்திருந்தது. அன்றைக்கு அவன் கேப்பைக் கூழைக்கூடத் தொடவில்லை என்று அக்கா சொன்னாள். ஏப்பம் போய்விட்டது. ஆனால் அதன் இடத்தில் இது வந்து உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் ஆனால் இடது காதைக் கையால் பொத்துகிறான். பொத்தினால் இன்னும் பலமாகக் கேட்கிறது என்று எடுக்கிறான். எடுத்தால் மறுபடி பொத்துகிறான். ஷெட்டில் நீராவி சீறுகிற சத்தத்திலும் அவனுக்கு அது கேட்கிறதாம். பரிசோதனைக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. “டாக்டரு குழாய் வெச்சுக் கேப்பாருடா. எனுக்கு வெறும் காதுலயே கேக்குது, அவருக்குக் கேக்காதா?” என்றான்.

அப்போதுதான் என் கால் ஆடுவது நின்றது.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வைத்தியர் அப்படிச் சொல்லவே இல்லை, மயிலத்தில் வண்டி நின்றபோது நான் கட்டியது, பின்னாடி நடக்கச் சொன்னதும் நான்தான் என்று. அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டான். பிறகு என் தோளில் கை வைத்தான்.

“தெரியுதுடா. தேத்தறதுக்குச் சொல்ற.”

“தேத்தறதுக்கு இல்லடா, நெஜமா நாந்தான்…”

“வைத்தியர் உன்கிட்ட வேற ஏதாச்சும் சொன்னாரா? மோசமா? அதை மறைக்கறதுக்கு இப்படிச் சொல்றியா?”

“டேய், பொய்டா அது.”

“நீ எப்ப உண்மை சொல்லி இருக்க, இதை நம்பறதுக்கு?”

அக்கா ஊசியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள், கோபமில்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டாள்: “அது பொய்யா இருந்தா அவனுக்கு எப்படிப்பா கேக்குது?”

என் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையைச் சொன்னேன், முதல் தடவையாக யாரும் நம்பவில்லை. பொய்யை நல்ல விலைக்கு விற்றுப் பழகியவனிடம் உண்மையை யாரும் ஓசிக்குக்கூட வாங்கமாட்டார்கள் போலிருக்கிறது. வெளியே வந்து சந்தில் இப்படியும் அப்படியுமாக நடந்தேன். வீட்டுக்குப் போகப் பிடிக்கவில்லை, கடைக்குப் போகப் பிடிக்கவில்லை. நின்றேன். அந்த நேரத்தில்தான் எனக்கும் கேட்டது. இடது காதில். டொக், டொக், டொக்.

அடுத்த வண்டியைப் பிடித்துத் திண்டிவனம் போனேன். மாதிரிப் பை இல்லாமல் நான் அங்கே போனது அதுதான் முதல் தடவை. கை சும்மா இருந்ததால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டே போனேன். வண்டியின் சத்தம் வேறு, என் சத்தம் வேறு என்று பிரித்துப் பார்த்துக்கொண்டே போனேன். பிரிக்க முடிந்தது. அதுதான் பயமாக இருந்தது.

வைத்தியர் எல்லாவற்றையும் கேட்டார். குச்சியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். கோழி ஏறியதைக்கூடக் கவனிக்கவில்லை.

“சாயங்காலம்னு சொன்னியா?”

“ஆமாங்க.”

“ஏன்யா, பொய் சொல்ற நீ காலைலன்னு சொல்லி இருக்கக் கூடாதா? சாயங்காலம் வாயு நேரம். காது வாயுவோட எடம். ஏற்கனவே பயந்தவன், ஒழுங்கா துன்னாதவன், வாயு ஏறிப்போய் நிக்கறான். அவனைப் புடிச்சி வாயு நேரத்துல வாயு எடத்தைப் பாத்துக்கினே இருன்னு சொல்லியிருக்க. படிச்சவன் சொன்னா மாதிரி கரெக்டா சொல்லி வெச்சிருக்க. பேஜாரு பண்ணிட்டியேய்யா.”

“ஐயா, நீங்க அப்படிச் சொல்லலன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுத்துடுங்க. அவன் நம்புவான்.”

“இன்னான்னு நம்புவான்? வைத்தியருக்கே தெரியாத வியாதி வந்துடுச்சின்னு நம்புவான்.” குச்சியால் தரையைத் தட்டினார். “சத்தம் பொய்யில்லய்யா இப்ப. எல்லாருக்கும் நெஞ்சு அடிச்சிக்கினுதான் இருக்குது, எல்லாரு காதுலயும் அந்த ரத்தம் ஓடிக்கினுதான் இருக்குது. நாம கேக்கறதில்ல, அவ்ளோதான். நீ அவனைக் கேக்க வெச்சிட்ட. இனிமே கேக்காதேன்னு சொன்னா நின்னுடுமா?”

பிறகு என் கையைக் கேட்காமலே பிடித்து மூன்று விரலை வைத்தார். அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது.

“உனுக்கும் கேக்குதா?”

தலையை ஆட்டினேன்.

“நல்லது” என்றார். வைத்தியர் சொல்கிற பேச்சா இது.

உள்ளே போய் ஒரு குப்பியில் எண்ணெய் கொண்டுவந்தார். க்ஷீரபலா தைலம், பாலும் எண்ணெயும் வேரும் சேர்த்துக் காய்ச்சியது என்றார். “விளக்கு வெக்கறதுக்கு முன்னாடி போ. இதை லேசா சுட வெச்சி அவனோட ரெண்டு உள்ளங்கால்லயும் தேய். கால் மணி ஒரு காலுக்கு, கால் மணி இன்னொரு காலுக்கு. ஏழு நாளு. தேச்சி முடிச்சதும் பால்ல சாதிக்கா ஒரு உரசு உரசிக் குடுக்கச் சொல்லு. சோறு சூடா, நெய் ஊத்தி. அவன் கேக்கற சத்தத்தைக் கால் பக்கம் எறக்கணும், அவ்ளோதான் வேலை.”

“சரிங்க.”

“இன்னும் முடியல. தேய்க்கற நேரத்துல நீ வாயைத் தொறக்கக் கூடாது. ஒரு வார்த்தை. ம்னுகூட சொல்லக் கூடாது. அவன் பேசலாம். நீ கூடாது. இது அவனோட பத்தியம் இல்ல, உன்னோடது. மீறினா எண்ணெய் வேலை செய்யாது.”

“அக்கா தேச்சா ஆகாதுங்களா?”

“அக்காவா பொய் சொன்னா?”

அதோடு எழுந்து கோழியைத் துரத்தப் போய்விட்டார்.

முதல் சாயங்காலம் நான் குப்பியோடு போய் நின்றபோது நண்பனுக்குச் சந்தேகம். வைத்தியர் தந்தது என்று குப்பியைக் காட்டி, வாயில் விரலை வைத்துக்காட்டினேன். “பேசக் கூடாதா? நீயா?” என்றான். அக்கா எண்ணெயைச் சுடவைத்து வந்தாள். அவன் பாயில் காலை நீட்டினான். நான் தேய்க்க ஆரம்பித்தேன்.

அரை மணி நேரம் எவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. அவன் உள்ளங்கால் ஷெட் தரையில் நின்று நின்று கட்டை மாதிரி இருந்தது. குதிகாலில் வெடிப்பு. வெடிப்புக்குள்ளும் கரி. அதைப் பார்த்ததும் என் நாக்கில் நாலு கிண்டல் வந்து வரிசையில் நின்றது. விழுங்கினேன். கால் ஆட்ட முடியாதபடி சம்மணம் போட்டிருந்ததால் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் அதைப் பார்த்துவிட்டான்.

“அக்கா, இங்க பாரு, இவனுக்கு வேர்த்துக்கினு இருக்குது. பேசாததுக்கே வேர்க்குது.”

இரண்டாம் நாள் அவன் என்னை வேண்டுமென்றே சீண்டினான். என்னைப் பற்றி நானே மறந்துபோன கதையெல்லாம் எடுத்தான். நான் மண்டியில் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து மாட்டிக்கொண்டது, ஒலக்கூர்ச் சந்தையில் ஆடு விலை கேட்டுவிட்டு ஓடியது. அக்கா சிரித்தாள். எனக்கு வெறி பிடித்த மாதிரி இருந்தது. என்னைப் பற்றி ஒருவன் தப்புத் தப்பாகக் கதை சொல்கிறான், நான் திருத்தக்கூட முடியாது. கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தேன். “ஆ, அங்கதான், அங்கயே அமுக்கு” என்றான்.

மூன்றாம் நாள் அவன் பேச்சு வேறு மாதிரி வந்தது. அக்கா கடைக்குப் போயிருந்தாள். மிஷின் சும்மா இருந்தது. வழக்கமாக அந்த நேரத்தில்தான் அவன் காதைப் பொத்துவான். அன்றைக்குப் பொத்தவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

“எங்கப்பா இப்படித்தான். சாயங்காலம். வேலை முடிஞ்சி வந்து வாசல்ல கால் கழுவிக்கினு இருந்தாரு. இடது பக்கம் நெஞ்சைப் புடிச்சிக்கினு உட்காந்தாரு. எழுந்துக்கல. எனுக்கு அப்ப எட்டு வயசு. சொம்பு உருண்டு போன சத்தம் இன்னும் காதுலயே இருக்குது.”

எனக்கு அவன் அப்பா செத்தது தெரியும். எப்படி என்று தெரியாது. அவர் போன பிறகுதான் அவர்கள் எங்கள் தெருவுக்கு வந்தார்கள்; பதினைந்து வருஷமாக ஒரே தெருவில் இருந்திருக்கிறோம், நான் கேட்டதே இல்லை. கேட்கிற இடைவெளியில் எல்லாம் நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். சாயங்காலம் என்று நான் ஏன் சொன்னேன், இடது என்று ஏன் சொன்னேன்? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது போய்ச் சரியாக அந்தச் சொம்பின் மேல் விழுந்திருக்கிறது. ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் போல் இருந்தது. ‘மன்னிச்சிடுடா’ என்று தொண்டை வரைக்கும் வந்தது. சொல்லக் கூடாது. ம் என்றுகூடச் சொல்லக் கூடாது. தேய்த்தேன். அவன் கணுக்காலுக்கு உள்பக்கம் என் கட்டைவிரல் பட்ட இடத்தில் மெல்லத் துடித்தது. அவன் நெஞ்சுதான் அங்கே வந்து தட்டுகிறது. என் காதில் என்னுடையது தட்டுகிறது. கொஞ்ச நேரம் இரண்டும் வேறு வேறு வேகத்தில் போயின. என்னுடையதுதான் ஓடிற்று. அவனுடையது நடந்தது.

அவன் அப்படியே தூங்கிப்போனான். அக்கா பாலோடு வந்து எழுப்ப மனமில்லாமல் நின்றாள். பிறகு எழுப்பினாள். எழுந்து, “பசிக்குது” என்றான். அந்த வீட்டில் அந்த வார்த்தையைக் கேட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே அடுப்பங்கரைக்கு ஓடினாள்.

மீதி நாளும் போனேன். ஐந்தாம் நாள் மழை. மண்டியில் சாக்கெல்லாம் உள்ளே அடுக்க வேண்டியிருந்தது, முதலாளி விடவில்லை. அவரிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். மூன்று பொய் தயாராக இருந்தது. “சிநேகிதன் காலுக்கு எண்ணெய் தேய்க்கணுங்க” என்று உண்மையைச் சொன்னேன். அவர் அதை என் பழைய கிண்டல் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே “போடா” என்றார். உண்மை அப்படியும் ஒரு தடவை வேலைக்கு ஆயிற்று.

ஏழாம் நாள் முடிந்ததும் குப்பியைக் கவிழ்த்து வைத்தேன். நண்பன் காதைத் தொட்டுப் பார்த்தான்.

“கேக்குதா?” என்று அக்கா கேட்டாள்.

“கேட்டாத்தான் கேக்குது” என்றான். “கேக்கலன்னா கேக்கல.”

பரிசோதனைக்கு நான் கூடப் போகவில்லை. போனால் டாக்டரையும் கிண்டல் பண்ணித் தொலைப்பேன் என்று அக்கா தடுத்துவிட்டாள். அன்றைக்கு முழுவதும் எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. ரயில் வருகிற நேரம் எல்லாம் ஸ்டேஷனுக்கும் மண்டிக்கும் நடந்தேன். மூன்று வண்டி பார்த்தேன். மூன்றாவதில் அவன் இறங்கினான். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஆனாலும் அவன் வாயால் சொல்ல வேண்டும் என்று நின்றேன்.

“குழாய் வெச்சாரு. கொஞ்ச நேரம் கேட்டாரு. நல்லா அடிக்குதுன்னாரு.”

அங்கேயே, பிளாட்பாரத்தில் பெஞ்சின் மேல் ஏறிக் குதித்தேன். போர்ட்டர் ஒருவர் இறங்கச் சொன்னார். நண்பன் என்னைப் பிடித்து இறக்கினான். அன்றைக்கும் நான் அவனிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. வாய் திறந்ததும் வந்தது, ‘டாக்டரு ஏப்பத்தைக் கேட்டாரா’ என்பதுதான். அந்தப் பழக்கம் அவ்வளவு சுலபத்தில் விடாது.

ஒரு பாக்கி இருந்தது. அவனுக்கு நின்றது. எனக்கு நிற்கவில்லை. இப்போதும் சாயங்காலம் கை சும்மா இருந்தால் இடது காதில் டொக், டொக். பயம் இல்லை, ஆனால் இருப்பு கொள்ளாது. எழுந்து நடப்பேன், யாரையாவது சீண்டுவேன், ஒரு கை மல்லாட்டையை உடைத்து வாயில் போட்டுக்கொண்டே இருப்பேன். வைத்தியரிடம் போய்க் கேட்டேன். “உன் காலை யாராச்சும் தேய்ச்சாங்களா?” என்று கேட்டுவிட்டு, வேறு ஆளின் நாடியைப் பிடிக்கப் போய்விட்டார்.

போன வாரம் மாதிரிப் பையோடு திண்டிவனம் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். கூட்ஸ் வண்டி ஒன்று தண்ணீர் பிடிக்க நின்றது. இன்ஜினில் அவன். தலையில் கறுப்புத் துணி, கையில் சட்டி அகலத்துக்குக் கரி வாரும் ஷவல். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினான். ஓடிப்போய் அவன் காலடியில், படிக்குக் கீழே நின்றேன். நீராவிச் சத்தத்தில் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. அது நல்லதாகப் போயிற்று. மெதுவாகச் சொல்ல வேண்டியிருந்தால் சொல்லியிருக்கமாட்டேன். அன்றைக்குச் சொன்னது எல்லாம் நான் கட்டியதுதான், நம்பினாலும் நம்பாவிட்டாலும் தப்பு என்னுடையது என்றேன். உங்கப்பா விஷயம் தெரிந்திருந்தால் சொல்லியிருக்கமாட்டேன் என்றேன். எனக்கு இன்னும் இடது காதில் கேட்கிறது, இதற்கு நான் யாரிடம் போவது என்றேன்.

விசில் அடித்தது. வண்டி மெல்ல நகர்ந்தது. நான் கூடவே நடந்தேன். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். கரி முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, முகத்தை அப்படியே வைத்தியர் மாதிரி வைத்துக்கொண்டு சொன்னான்:

“இடது காது பரவால்லடா, வலது காதுல கேட்டாத்தான் உடனே வரணுமாம், வைத்தியர் உன்கிட்ட சொல்லச் சொன்னாரு.”